வாங்கிய விலையைவிட வரி மதிப்பு குறைவு: அப்படியும் அப்பீல் செய்யலாமா?

கேள்வி: சென்ற ஜூலையில் நியூஜெர்சியில் 640,000 டாலருக்கு ஒரு தனி வீடு வாங்கினோம். வீட்டின் சொந்தக்கார அம்மா காலமானபின் அவருடைய பிள்ளைகள் ஏஜென்ட் மூலமாக விற்றார்கள். பத்திரம் முடிக்கும்போது வரும் க்ளோசிங் செலவுக்கென்று 9,000 டாலர் விட்டுக்கொடுத்தார்கள். போன வாரம் டவுன்ஷிப்பிலிருந்து வீட்டின் வரி மதிப்பைச் சொல்லும் அசெஸ்மென்ட் அட்டை வந்தது. மொத்த மதிப்பு 468,000 என்று போட்டிருக்கிறது. "வாங்கிய விலையைவிட எவ்வளவோ குறைவு, பேசாமல் இருங்கள். அப்பீல் போட்டால் 640,000-க்கு ஏற்றிவிடுவார்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு எங்களைவிட வரி குறைவு. சான் ஹோசேயில் இருக்கும் என் அண்ணனோ, "வாங்கின விலைக்குத்தான் வரி, இதில் வாதாட என்ன இருக்கிறது?" என்கிறார். பேஸ்மென்ட்டைச் சரிசெய்து அங்கே ஓர் அறை கட்டும் எண்ணமும் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?
ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு அந்த அட்டையை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். 468,000 என்பது உங்களுக்குச் சலுகை மாதிரித் தெரிகிறது. ஆனால் நீங்கள் கட்ட வேண்டியதைவிட அதிகமாகக் கட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அது எப்படி என்று புரிந்துகொள்ள, வாங்கிய விலைக்கும் அட்டையில் உள்ள எண்ணுக்கும் நடுவில் இருக்கும் ஒரு விகிதத்தைப் பார்க்க வேண்டும். அந்த விகிதத்தை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று தெரிகிறது.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் சத்தம் போடாமல் இருப்பதால் டவுனுக்கு உங்கள் விலை தெரியாமல் போகாது. பத்திரம் பதிவானதுமே அதில் எழுதிய தொகை எஸ்ஆர்-1ஏ என்ற படிவத்தில் ஏறி, வீடுகளுக்கு வரி மதிப்புப் போடும் உங்கள் ஊர் அசெஸர் மேசைக்கும் மாநில வரித்துறைக்கும் போய்விடும். 640,000 என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் அவர் உங்கள் மதிப்பை அந்த விலைக்குத் தூக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை அல்ல. ஒரு வீடு விற்றது என்ற ஒரே காரணத்துக்காக அந்த வீட்டின் வரி மதிப்பை மட்டும் ஏற்றுவது நியூஜெர்சியில் சட்டப்படி செல்லாது. வெஸ்ட் மில்ஃபோர்ட் டவுன்ஷிப் வழக்கில் 1990-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. புதிதாக வாங்கி வந்தவரை வாங்கிய விலையில் பிடித்துவைத்து, பழைய ஆட்களைப் பழைய மதிப்பிலேயே விட்டுவைத்தால், எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்ற மாநில அரசியல் சட்ட விதி உடைந்துபோகும்.

உங்கள் அண்ணன் சொல்வது அவர் ஊருக்குச் சரி. கலிஃபோர்னியாவில் 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவின்படி, வாங்கும்போது உள்ள மதிப்புதான் அடிப்படை. சாதாரண விற்பனையில் அது பெரும்பாலும் வாங்கிய விலையேதான். அதற்குப் பிறகு மறுபடி கைமாறும்வரை அல்லது புதிதாகக் கட்டும்வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடுகள், ஒன்றுக்கு மற்றதைப்போலப் பல மடங்கு வரி என்பது அங்கே சகஜம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம்தான் அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1989-இல், மேற்கு வர்ஜீனியாவின் வெப்ஸ்டர் கவுண்டியில் நடந்ததைச் செல்லாது என்றது. அங்கே அண்மையில் கைமாறிய நிலங்களுக்கு விற்ற விலையை வைத்தார்கள். மற்றவற்றுக்குப் பழைய மதிப்பைச் சிறிதளவு ஏற்றியதோடு சரி. ஒரு நிலக்கரி நிறுவனத்தின் நிலம் பக்கத்து நிலங்களைவிடச் சுமார் 8 முதல் 35 மடங்கு அதிகமாக மதிப்பிடப்பட்டிருந்தது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? கலிஃபோர்னியாவில் மாநிலச் சட்டமே வாங்கிய விலையை அடிப்படையாக வைத்திருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் சட்டம் எல்லாருக்கும் சந்தை மதிப்பு என்று சொல்ல, அசெஸர் தன் போக்கில் வேறு வழியில் போயிருந்தார். சொத்து வரியைப் பொறுத்தவரை அமெரிக்காவுக்கென்று ஒரே விதி கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிஷிகனில் இன்னொரு முறை: வீடு கைமாறினால், ஆண்டு ஏற்றத்துக்கு இருந்த உச்சவரம்பு மறு ஆண்டு எடுபட்டு வரி குதிக்கும், ஆனால் உங்கள் கொள்முதல் விலையை வைத்தே புது மதிப்பு தானாக முடிவாகிவிடாது. வேறு மாநிலத்து அனுபவத்தை அன்போடு சொல்பவர்களிடம் நன்றி சொல்லிவிட்டு, உங்கள் கவுண்டியின் விதியைப் பாருங்கள்.

சரி, இப்போது அந்த 468,000-க்கு வருவோம்.

நியூஜெர்சியில் பல டவுன்கள் எல்லா வீடுகளையும் ஒரே சமயத்தில் மறுமதிப்பீடு செய்து ஆண்டுக்கணக்காகியிருக்கும். இடையில் சந்தை ஏறிவிடும், அட்டையில் உள்ள எண்கள் அப்படியே நிற்கும். அதனால் மாநில வரித்துறை ஒவ்வொரு ஊருக்கும் ஆண்டுதோறும் ஒரு விகிதம் கணக்கிடுகிறது. அந்த ஊரில் நடந்த விற்பனைகளை எடுத்து, வரி மதிப்பை விற்ற விலையோடு ஒப்பிட்டு, ஊர் முழுக்கச் சராசரியாகச் சந்தை மதிப்பில் எத்தனை சதவீதத்தில் வரி மதிப்பு நிற்கிறது என்று பார்ப்பார்கள். நியூஜெர்சியில் நீங்கள் கொடுத்த விலையின் முதல் வேலை இந்தக் கணக்கில் ஒரு புள்ளியாக உட்காருவதுதான். உங்கள் வரியைவிட உங்கள் ஊரின் விகிதத்தில்தான் அது நேராகக் கை வைக்கிறது.

உங்கள் ஊர்ப் பெயரை நீங்கள் எழுதவில்லை. விகிதம் 62 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உண்மையான எண், அப்பீல்களை விசாரிக்கும் கவுண்டி வரி வாரியத்திலும் மாநில வரித்துறையின் தளத்திலும் கிடைக்கும். 1973-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது, வாரியத்தில் எல்லாரும் அதைச் சாப்டர் 123 என்றுதான் சொல்வார்கள். அதன்படி ஊர் விகிதத்துக்கு மேலேயும் கீழேயும், அந்த விகிதத்திலேயே 15 சதவீதம் வரை போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும். 62-க்கு மேல் எல்லை 71.3, கீழ் எல்லை 52.7. உங்கள் வீட்டின் உண்மையான சந்தை மதிப்பு 640,000 என்றால், 468,000 என்பது அதில் 73.1 சதவீதம். அதாவது மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. ஊரில் மற்றவர்கள் சராசரியாகத் தங்கள் வீட்டு மதிப்பில் 62 சதவீதத்துக்கு வரி கட்டும்போது, நீங்கள் 73 சதவீதத்துக்குக் கட்டுகிறீர்கள்.

எல்லையைத் தாண்டினால் மதிப்பை எல்லைக்கு இறக்க மாட்டார்கள், ஊர் விகிதத்துக்கே இறக்குவார்கள். 640,000-இல் 62 சதவீதம் 396,800. வித்தியாசம் 71,200. உங்கள் டவுனின் வரி விகிதம் 100 டாலருக்கு 3.20 என்று வைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,278 டாலர். சின்னத் தொகை இல்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கப்போவதும் அதுதான். 468,000-ஐ 71.3 சதவீதத்தால் வகுத்தால் ஏறக்குறைய 656,400 வரும். வாரியம் உங்கள் வீட்டின் உண்மையான மதிப்பு அதற்குக் கீழே என்று ஒப்புக்கொண்டால் நீங்கள் ஜெயித்தீர்கள். 660,000 என்று நினைத்தால் ஒரு டாலர்கூடக் குறையாது. உங்கள் விலைக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் பதினாறாயிரத்துச் சொச்சம்தான். எனவே 640,000 என்ற விலை உண்மையிலேயே சந்தை விலையா என்பதில்தான் டவுன் கேள்வி எழுப்பும்.

அவர்கள் கேள்வி எழுப்ப ஓர் இடமும் இருக்கிறது. இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர்கள் விற்கும் விற்பனை, நெருங்கிய உறவினருக்குள் நடக்கும் விற்பனை, கடன் கட்டாத வீட்டை விற்கும் ஷெரிஃப் ஏலம் என்று மொத்தம் 33 வகைகளை மாநில விதிகள் பட்டியலிட்டு, ஊர் விகிதக் கணக்கிலிருந்து தள்ளி வைக்கின்றன. அவசரத்திலோ கட்டாயத்திலோ பாசத்திலோ விலை குறைந்திருக்கலாம் என்பதுதான் காரணம். உங்கள் விற்பனை அந்தப் பட்டியலில் வருகிறது. "பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் வந்து கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள், நிஜ மதிப்பு இன்னும் அதிகம்" என்று டவுன் வக்கீல் சொல்லலாம்.

இதற்குப் பயப்பட வேண்டாம், பதில் இருக்கிறது. விகிதக் கணக்கில் சேராத விற்பனை என்றால் அது பொய்யான விலை என்று அர்த்தம் இல்லை. விசாரித்துப் பார்த்து, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை, வீடு முறையாகச் சந்தைக்கு வந்தது என்று தெளிவானால், இப்படிப்பட்ட விற்பனையையும் ஏற்க விதியிலேயே இடமுண்டு. நீங்கள் ஏஜென்ட் மூலம் வாங்கினீர்கள் என்பது நல்ல விஷயம். வீடு எத்தனை நாள் பட்டியலில் இருந்தது, கேட்ட விலை என்ன, வேறு யாராவது விலை கேட்டார்களா, விலையை நடுவில் குறைத்தார்களா என்பதெல்லாம் உங்கள் ஏஜென்ட்டிடம் இருக்கும். அவற்றை எழுத்தில் வாங்கி வையுங்கள். இரண்டு மூன்று பேர் போட்டி போட்டிருந்தால் அது உங்களுக்கு மிக வலுவான சான்று. பட்டியலில் போட்ட இரண்டாம் நாளே முதலில் கேட்டவருக்கு, அதுவும் குடும்பத்துக்குத் தெரிந்தவருக்கு விற்றிருந்தால், உங்கள் விலையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

எந்த விலையானாலும் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள் என்பதே என் பொதுவான கருத்து. நியாயமாக நடந்த விற்பனையின் விலைக்கு இங்குள்ள நீதிமன்றங்கள் நல்ல மதிப்பு கொடுக்கின்றன. ஆனால் அது சான்றுதான், தீர்ப்பு அல்ல. ஏஜென்ட்டுகள் காம்ப்ஸ் என்பார்களே, அதாவது உங்கள் வீட்டைப் போலவே அருகில் விற்ற வீடுகள், அவற்றில் மூன்று முதல் ஐந்து வரை சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒரே பரப்பு, ஒரே காலத்துக் கட்டடம், முடிந்தால் அதே பள்ளி எல்லை. எந்த நாளுக்கான மதிப்பு என்பதில் கவனமாக இருங்கள். இந்த வரி ஆண்டுக்கான மதிப்பை முந்தைய அக்டோபர் 1 அன்று இருந்த நிலவரப்படி பார்ப்பார்கள். உங்கள் ஜூலை விற்பனை அந்த நாளுக்கு மிக அருகில் இருக்கிறது, அது உங்களுக்குச் சாதகம். நீங்கள் எடுக்கும் மற்ற விற்பனைகளும் அந்த அக்டோபருக்கு முன்னால் முடிந்தவையாக இருந்தால் வாதாட்டம் குறையும். பட்டியலில் போட்டு இன்னும் விற்காத வீடுகளின் கேட்பு விலையும், இணையதளங்கள் தானாகப் போட்டுக் காட்டும் மதிப்பும் அங்கே எடுபடாது.

அந்த 9,000 டாலரை மறந்துவிடாதீர்கள். பத்திரத்தில் 640,000 என்றுதான் இருக்கும். ஆனால் விற்றவர்கள் க்ளோசிங் செலவுக்காகத் திருப்பிக் கொடுத்ததைக் கழித்தால் உங்கள் கையிலிருந்து வீட்டுக்காகப் போனது 631,000. க்ளோசிங் கணக்குத் தாளில் அந்த வரி இருக்கும், அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து இணையுங்கள். 656,400 என்ற கோட்டுக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி பதினாறிலிருந்து இருபத்தைந்தாயிரமாக விரிகிறது. இப்படி நெருக்கமான கேஸில் இது பெரிய உதவி. விலையில் சோபா, கார்ப்பெட், புல்வெட்டும் வண்டி என்று வீட்டோடு சேராத பொருள்களும் அடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடன் வாங்கும்போது பேங்க் செய்த அப்ரைசல், அதாவது வீட்டு மதிப்பீட்டு அறிக்கை, கையில் இருக்குமே, அதைக் கொடுத்தால் போதுமா என்று பலர் கேட்பார்கள். போதாது. அறிக்கை எழுதிய அப்ரைசர் நேரில் வந்து பதில் சொன்னால்தான் வாரியம் அதை மதிப்பீட்டுச் சான்றாக எடுக்கும். தனியாக ஓர் அப்ரைசரை அமர்த்துவதானால் அவர் கட்டணத்தையும் ஆண்டுக்குக் கிடைக்கும் மிச்சத்தையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் தொகைக்கு, ஏஜென்ட் தரும் விவரங்களை வைத்து நீங்களே வாதாடத் தாராளமாக முடியும். சொந்த வீட்டுக்காக வாரியத்துக்குப் போகும் தனிநபருக்கு வக்கீல் கட்டாயம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் வரி குறைவு என்பதை மட்டும் அங்கே பேசவே பேசாதீர்கள். மனசுக்கு அது பெரிய அநியாயமாகப் படும், எனக்குப் புரிகிறது. ஆனால் வாரியம் பார்ப்பது விற்ற விலைகளை, மற்றவர்களின் வரி மதிப்புகளை அல்ல. அவர் வீட்டில் பாத்ரூம் ஒன்று குறைவாக இருக்கலாம், அல்லது அவர் கார்டில் பிழை இருக்கலாம்.

கார்டு என்றதும் இன்னொன்று. அப்பீலுக்கு முன்னால் அசெஸர் அலுவலகத்தில் உங்கள் வீட்டின் ப்ராப்பர்ட்டி ரெக்கார்ட் கார்டைக் கேட்டு வாங்குங்கள். சதுர அடி, பாத்ரூம் எண்ணிக்கை, பேஸ்மென்ட் அறையாக முடிக்கப்பட்டதா இல்லையா, ஃபயர் பிளேஸ், ஏசி எல்லாம் அதில் இருக்கும். பழைய வீடுகளில் இதில் தப்பு வருவது சாதாரணம். நீங்கள் இப்போதுதான் பேஸ்மென்ட்டைக் கட்டப் போகிறீர்கள், ஆனால் கார்டில் ஏற்கெனவே முடித்த பேஸ்மென்ட் என்று எழுதியிருந்தால், உங்கள் 468,000 ஏன் உயர்ந்து நிற்கிறது என்பதற்கு அதுவே விடையாக இருக்கலாம். இப்படிப்பட்ட பிழையை அசெஸரிடமே காட்டிப் பேசினால், விசாரணை வரை போகாமலே இரு தரப்பும் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்து முடிப்பதும் உண்டு. அவரோடு மரியாதையாகப் பேசுங்கள். அவருக்கு எதிராகப் போகிறோம் என்ற எண்ணமே வேண்டாம், இந்த அப்பீல் எல்லாம் அவருக்குத் தினசரி வேலை.

"ஏற்றிவிடுவார்கள்" என்ற பயத்தில் உண்மை துளியும் இல்லை என்று சொல்ல மாட்டேன். வாரியத்துக்கு மதிப்பை ஏற்றவும் அதிகாரம் உண்டு. ஆனால் உங்கள் மதிப்பை ஏற்ற வேண்டுமானால் 468,000 என்பது கீழ் எல்லையான 52.7 சதவீதத்துக்கும் கீழே விழ வேண்டும், அதாவது உங்கள் வீடு 888,000 டாலருக்கு மேல் பெறும் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும். ஏழு மாதத்துக்கு முன் 640,000-க்கு வாங்கிய வீட்டுக்கு அது நடக்கிற காரியம் அல்ல. உண்மையான விகிதம் தெரிந்ததும் இந்த இரண்டு கோடுகளையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். விகிதம் 66 என்று வந்தால் மேல் எல்லை 75.9, உங்கள் 73.1 உள்ளேயே அடங்கிவிடும், அப்பீலுக்கு வேலையில்லை. அன்று அப்பீல் வேண்டாம் என்று நானே சொல்வேன். உங்கள் டவுன் இந்த ஆண்டு எல்லா வீடுகளையும் மறுமதிப்பீடு செய்திருந்தால் கணக்கே வேறு: அப்போது விகிதப் பேச்சு இல்லை, அட்டையில் உள்ள எண்ணை நேராகச் சந்தை மதிப்போடு ஒப்பிட வேண்டும், 468,000 உங்களுக்கு நிஜமாகவே லாபம்.

பேஸ்மென்ட் அறை வேறு விஷயம், விற்பனையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீடு கைமாறியதற்காக ஏற்ற முடியாது, ஆனால் வீட்டில் புதிதாக மதிப்புச் சேர்ந்தால் அந்தச் சேர்ந்த பகுதிக்கு ஏற்றலாம். பர்மிட் முடிந்ததும் அசெஸர் வந்து பார்ப்பார், வேலை முடிந்த அடுத்த மாதத்திலிருந்து ஆண்டு முடியும்வரை கணக்கிட்டுக் கூடுதல் மதிப்பீட்டுக்கென்று தனி பில் வரும், நவம்பர் 1-க்குள் கட்ட வேண்டும். அதிலும் தவறு தெரிந்தால் டிசம்பர் 1-க்குள் அப்பீல் செய்யலாம். பர்மிட் எடுக்காமல் கட்டி வரியைத் தவிர்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அது உங்கள் கழுத்துக்கே வரும், அதற்கு முன் தீ விபத்து என்று வந்தால் இன்னும் மோசம். என் யோசனை: அப்பீல் முடியட்டும், அப்புறம் வேலையை ஆரம்பியுங்கள். விசாரணைக்கு முன்னால் வீட்டை அசெஸர் பார்வையிட வந்தால், நீங்கள் வாங்கிய நிலையிலேயே அது இருப்பது நல்லது.

நாள் கணக்கில் மட்டும் கவனம் தப்பக் கூடாது. பெரும்பாலான கவுண்டிகளில் ஏப்ரல் 1, அல்லது டவுன் அட்டைகளை மொத்தமாக அஞ்சலில் போட்ட நாளிலிருந்து 45 நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவே கடைசி நாள். ஊர் முழுக்க மறுமதிப்பீடு நடந்த ஆண்டில் மே 1. மன்மத் போன்ற சில கவுண்டிகளில் ஜனவரி 15-லேயே முடிந்துவிடும், ஆகவே அட்டையின் பின்பக்கத்தை இன்றே படியுங்கள். அந்த நாளுக்குள் மனு வாரியத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், தபாலில் போட்டால் போதாது. படிவத்தின் பெயர் ஏ-1. 150,000-க்கும் 500,000-க்கும் இடைப்பட்ட மதிப்புக்குக் கட்டணம் 25 டாலர். ஒரு பிரதி அசெஸருக்கு, இன்னொன்று டவுன் கிளார்க்குக்கு. உங்கள் சான்றுகளை விசாரணைக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாகவே வாரியத்துக்கும் டவுன் தரப்புக்கும் கொடுத்துவிட வேண்டும். அப்பீல் நடக்கும்போது வரியை நிறுத்தி வைக்காதீர்கள், பாக்கி இருந்தால் மனுவையே தள்ளிவிடலாம். விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அட்டையில் உள்ள மதிப்பு சரி என்ற எண்ணத்தோடுதான் வாரியம் ஆரம்பிக்கும், அதை அசைப்பது உங்கள் பொறுப்பு. ஆகவே "வரி தாங்க முடியவில்லை" என்று தொடங்காமல், "அக்டோபர் 1 அன்று வீட்டின் மதிப்பு 631,000, காரணங்கள் இவை" என்று தொடங்குங்கள். தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் 45 நாளுக்குள் மாநில வரி நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஜெயித்தால் அந்தக் குறைந்த மதிப்பு இந்த ஆண்டோடு போகாது, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் டவுன் பொதுவாக அதையே வைத்திருக்க வேண்டும். ஊர் முழுக்க மறுமதிப்பீடு வந்தாலோ, நீங்கள் அறை கட்டி மதிப்புச் சேர்த்தாலோதான் மாறும். மூன்று ஆண்டுக் கணக்கில் பார்த்தால் உங்கள் 2,278 ஏழாயிரத்துக்கு அருகில் போய்விடும், ஒரு வார இறுதியைக் காகிதங்களோடு செலவிடத் தகுந்த தொகை அது.

கடைசியாக, மார்ட்கேஜ் இருக்கிறது என்றால் வரி எஸ்க்ரோ வழியாக, அதாவது பேங்க் மாதத் தவணையோடு வாங்கி வைக்கும் கணக்கு வழியாகப் போகும். குறைந்த மதிப்பு அடுத்து வரும் பில்லில் சரிசெய்யப்படும், ஆனால் உங்கள் பேங்க் பழைய எண்ணை வைத்தே மாதத் தவணையைப் பிடித்துக்கொண்டிருக்கும். தீர்ப்பின் பிரதியை அவர்களுக்கு அனுப்பி, எஸ்க்ரோ கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள்.